அறுபத்தைந்தாவது காயம்

('கல்கியின் நாவல்களால் இளைய உள்ளங்களில் நிலைத்து நிற்பது வரலாறே! கற்பனையே!' என்ற தலைப்பில் திருமானூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'கற்பனையே' அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் கல்வெட்டு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே! (சிரிப்பு) கொள்ளிடத்துக் காற்றை வாங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிற திருமானூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் இதைப் பார்க்கப் போகிற அன்பர்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கல்கி எழுதலைன்னா நம்ம பிள்ளைங்களுக்குச் சோழன் யாரு, பல்லவன் யாருன்னே தெரிஞ்சிருக்காது" என்றார். சரிங்கய்யா. நான் மறுக்கவில்லை. தெரிந்திருக்கிறது. ஆனால் என்ன தெரிந்திருக்கிறது? அதுதானே இன்றைக்குப் பேச்சு!

இந்தத் தலைப்பைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாசமா நான் கண்ணில் பட்டவங்களையெல்லாம் பிடிச்சு நிறுத்தி, "கல்கி படிச்சிருக்கீங்களா? எந்த வயசுல படிச்சீங்க? மனசுல நிக்கிறது யாரு?" என்று கேட்டேன். காய்கறி வாங்கப் போனவ எங்கே போனாளோன்னு எங்க வீட்டுக்காரரே தேடிக்கிட்டு வந்துட்டார். (சிரிப்பு)

எங்க தெருவில் தையல்கடை வைத்திருக்கிற அண்ணன் பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவுல 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகமும் படிச்சவர். மெஷினை மிதிக்கிறதை நிறுத்திட்டுச் சொன்னார்: "வந்தியத்தேவன்தாங்க. ராஜ்யம் போயிருச்சு, மடியில காசில்லை, ஊரெல்லாம் அவனைத் தேடுது. அவன் சிரிப்பு மட்டும் போகலை பாருங்க! எனக்குக் கடன்காரன் வர்றப்பெல்லாம் அவனைத்தான் நினைச்சுக்குவேன்." (கைதட்டல்)

கல்லூரிக்குப் போகிற பொண்ணு ஒண்ணு, பஸ் ஸ்டாப்புல. "நந்தினி" என்றது. "ஏம்மா, அவ கெட்டவளாச்சே?" என்றேன். "கெட்டவதான் மேடம். ஆனா அந்தப் புஸ்தகத்துல யாரு பேச்சையும் கேக்காதவ அவ ஒருத்திதான்." ரிடையரான தமிழாசிரியர் ஒருவருக்கு ஆழ்வார்க்கடியான். அவனை மாதிரியே எதிரே வருகிறவரை எல்லாம் வாதத்துக்கு இழுக்கிறதுதான் அவருக்கும் பொழுதுபோக்கு. (சிரிப்பு) ஆற்றங்கரை ஓரத்து வீட்டுப் பிள்ளை ஒண்ணு, எட்டாவது படிக்குது. அதுக்குப் பூங்குழலி. "அவளை மாதிரி தனியா படகு ஓட்டணும் டீச்சர்" என்கிறது. நம்ம கொள்ளிடத்துல எங்கே போய்ப் படகு ஓட்ட! மணல் லாரி ஓட்டலாம். (பலத்த சிரிப்பு) எங்க மாமியார் 'சிவகாமியின் சபதம்' படிச்சிட்டு மூணு நாள் சோறு இறங்காமக் கிடந்தவங்க. இப்பவும் சிவகாமி பேரைச் சொன்னா முந்தானை கண்ணுக்குப் போயிரும்.

இப்போ எண்ணிப் பாருங்க நடுவர் ஐயா. நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, சிவகாமி. நாலு பேரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவங்க. நாலு பேரும் கல்கி பெத்த பிள்ளைங்க! வந்தியத்தேவன் மட்டும்தான் நிஜம். அவனும் எப்படி? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்று பெயர் வருகிறது. வல்லவரையர் வந்தியத்தேவர். அந்தப் பெயருக்கு உடம்பு கொடுத்து, குதிரை கொடுத்து, வீராணம் ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? கல்கி! கல்லில் இருக்கிறது பெயர். மனசில் இருக்கிறது அந்தச் சிரிப்பு.

இத்தனை பேரில் ஒருத்தர்கூட உத்தம சோழன் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்று பேசவில்லை. பேசினால் நான் வீட்டுக்குத் திரும்பி ஓடியிருப்பேன், அது வேறு. (சிரிப்பு)

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரைக்கும், மூன்றரை வருஷம், வாரா வாரம் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது ஒருத்தர் இருட்டில் நிற்கிற இடத்தில் முடியும். அடுத்த வாரம் வரைக்கும் அவர் நம்ம வீட்டுத் திண்ணையில்தான் நிற்பார்! பக்கத்தில் ஓவியர் மணியம் வரைந்த படம். குந்தவையின் கொண்டையை மணியம் போட்டாரா, சோழர் காலத்துச் சிற்பி போட்டானா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் படம். வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு பண்ணி, தாய்வீட்டுச் சீதனம் மாதிரி கொண்டுவந்த பெண்கள் எத்தனை பேர்! அந்த பைண்டை எடுத்து, கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் வைத்து, பதினாலு வயசில் படித்தவர்கள் எத்தனை பேர்! அந்த வயசில் மனசில் விழுந்தது அழியுமா? தொடர் முடிந்ததும் வாசகர்கள் சும்மா விட்டார்களா? அவள் என்ன ஆனாள், இவன் என்ன ஆனான் என்று கேட்டார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லி முடிவுரை எழுத வேண்டியிருந்தது கல்கிக்கு. அந்த வருஷம் டிசம்பரில் அவரும் போய்விட்டார்.

இது வரைக்கும் நான் பேசினது விளையாட்டு. இனிமேல் பேசப் போவது எங்க வீட்டு விஷயம்.

இந்தக் கூட்டத்தில் பழுவூர்க்காரங்க எத்தனை பேர் இருக்கீங்க? கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர்? கை தூக்குங்க. (கைகள் உயர்கின்றன) பாருங்க நடுவர் ஐயா! இங்கேயிருந்து அரியலூர் போகிற ரோட்டில், சிமெண்ட் லாரிக்கு வழி விட்டு வழி விட்டுப் போனால் வருகிற ஊர்கள். கதையில் இவங்க யாரு? சூழ்ச்சிக்காரங்க! சிற்றரசர்களைக் கூட்டி வைத்து இரகசியம் பேசியவர்கள். மூடுபல்லக்கில் மதுராந்தகனை ஒளித்துக் கொண்டுபோனவர்கள். பெரிய பழுவேட்டரையர் தனாதிகாரி, கஜானா அவர் கையில். சின்னப் பழுவேட்டரையர் தஞ்சைக் கோட்டைக் காவல் தலைவர், சாவி அவர் கையில். அறுபது வயசைத் தாண்டியவருக்கு இளையராணி மயக்கம் வேறே!

2022 செப்டம்பரில் படம் வந்தது. 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒண்ணு, பழுவூர்ப் பக்கத்துப் பிள்ளை, என்கிட்ட வந்து நின்றது. கண் சிவந்திருக்கு. "என்னம்மா?" "பஸ்ல ஒரு அண்ணன், 'எந்த ஊரு'ன்னு கேட்டாங்க டீச்சர். சொன்னேன். 'ஓ, துரோகிங்க ஊரா'ன்னு சிரிச்சாங்க. நம்ம ஊர்க்காரங்க நெசமாவே துரோகிங்களா டீச்சர்?"

கேலிதான். கேட்டவனும் சின்னப் பையன், மறந்திருப்பான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்? எதிரணி நண்பர்களே, உங்களைக் கேட்கிறேன். உங்கள் கட்சிப்படி கல்கியைப் படித்த இளைஞன் மனசில் நிற்பது வரலாறு. அப்படியானால் அந்தப் பஸ் பையன் மனசில் நின்றது வரலாறா?

வரலாறு என்ன சொல்கிறது? நான் சொல்கிறேன். கேளுங்க.

ஆதித்த கரிகாலன் கொலை நடந்தது உண்மை. அதைச் செய்தவர்கள் யார் என்று கல்வெட்டு இருப்பதும் உண்மை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயில் சுவரில். இராஜராஜனின் இரண்டாவது ஆட்சி ஆண்டில் வெட்டியது. சோமன், இரவிதாசன், பரமேஸ்வரன் என்று உடன்பிறந்தவர்களின் பெயர் போட்டு, அவர்கள் சொத்துப் பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. அந்தப் பெயர்களைக் கல்கியும் எடுத்துக்கொண்டார். அந்தக் கல்வெட்டில் பழுவேட்டரையர் என்ற பெயர் இருக்கிறதா? இல்லை! (கைதட்டல்)

அடுத்தது. அதே இராஜராஜன் ஆட்சியில், நம்ம பழுவூர்க் கோயில்களில் பழுவேட்டரையர்கள் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. கோயில் எடுக்கிறார்கள், நிவந்தம் கொடுக்கிறார்கள், ஊரை ஆள்கிறார்கள். அண்ணனைக் கொன்ற கூட்டமாக இருந்தால் தம்பி விட்டு வைத்திருப்பானா? விட்டு வைத்தது மட்டுமா! இராஜராஜனின் தேவியரில் பஞ்சவன் மாதேவி என்று ஒருவர். பழுவூர்ப் பெண் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்குத்தான் இராஜேந்திர சோழன் பழையாறையில் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். பெறாத தாய்க்கு மகன் எடுத்த கோயில், ஐயா! பட்டீஸ்வரம் பக்கத்தில் இன்றைக்கும் நிற்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன். அன்பில் செப்பேடு. அன்பில் எங்கே இருக்கு? இதே கொள்ளிடத்தின் வடகரையில், லால்குடி பக்கம். சுந்தர சோழர் தன் அமைச்சர் அநிருத்தருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிற செப்பேடு. ஆமாம், நாவலில் வருகிற அதே அநிருத்தப் பிரமராயர்தான்! அது என்ன சொல்கிறது? முதலாம் பராந்தக சோழன் பழுவேட்டரையர் மகளைக் கல்யாணம் பண்ணினான். அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழன் மகன் யாரு? (கூட்டத்திலிருந்து: "ராஜராஜன்!") சத்தமாச் சொல்லுங்க! ராஜராஜன்! அப்படின்னா நம்ம பழுவூர்ப் பொண்ணு ராஜராஜனுக்கு யாரு? கொள்ளுப்பாட்டி! (நெடுநேரம் கைதட்டல்)

பொன்னியின் செல்வன் நம்ம வீட்டுப் பொண்ணோட கொள்ளுப்பேரன், ஐயா! இதைப் பஸ்ஸில் யாராவது கேலி பண்ணினார்களா? பண்ண மாட்டார்கள். தெரியாது. புத்தகத்தைப் படித்தவனுக்கு மூடுபல்லக்குத் தெரியும். கொள்ளுப்பாட்டியைத் தெரியாது. பழுவேட்டரையர் என்ற பெயர் தெரிந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை.

மேலப்பழுவூரில் ஒரு பெரியவர். வயது எண்பதுக்கு மேல். வாரா வாரம் கல்கி பத்திரிகைக்காகக் காத்திருந்து படித்த தலைமுறை. அவரிடம் போய், "தாத்தா, உங்க ஊர்க்காரரை இப்படி எழுதிட்டாரேன்னு கோபமா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "பெரிய பழுவேட்டரையர் உடம்புல அறுபத்து நாலு விழுப்புண்ணுன்னு கல்கி எழுதுறாரு. எல்லாம் நெஞ்சுல வாங்கினது. அறுபத்தஞ்சாவது காயம் ஒண்ணு இருக்கும்மா. அது கல்கியோட பேனா போட்டது." (கைதட்டல்)

அதோடு விட்டாரா? "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் புஸ்தகத்துல நான் அழுதது அந்த ஆளுக்காகத்தான்" என்றார். எனக்கும் அப்படித்தான். புயலடிக்கிற ராத்திரியில் கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து, வெள்ளத்தில் அடித்துப் போய், ஒரு பாழடைந்த துர்க்கை கோயிலில் கிழட்டுச் சிங்கம் மாதிரி கிடப்பாரே! தான் கட்டிக்கொண்டவள் யார், தன்னை வைத்து நடந்த சதி என்ன என்று அப்போதுதானே அவருக்குத் தெரியும்! அதற்கு அப்புறம் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாரே! பதினாலு வயசில் படித்தபோது நந்தினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஐம்பது வயசில் திரும்பப் படித்தால் இந்தக் கிழவரைத்தான் பார்ப்பார்கள். துரோகி என்று சொன்ன பையன் கடைசிப் பாகம் வரைக்கும் படித்திருக்க மாட்டான் என்பது என் சந்தேகம். படம் மட்டும் பார்த்தவனாக இருப்பான்.

எதிரணியில் ஒரு தங்கச்சி வேகமாகக் குறிப்பெடுக்குது. என்ன கேட்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும். (சிரிப்பு) "அக்கா, நீங்க செப்பேடு, கல்வெட்டு எல்லாம் தேடிப் படிச்சதே கல்கியாலதானே? அப்ப ஜெயிச்சது வரலாறுதானே?"

நல்ல கேள்வி. அதற்கும் நடந்ததையே சொல்கிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழையூர் இரட்டைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆதித்த சோழன் காலத்துக் கோயில். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவனிகந்தர்வ ஈஸ்வரகிருகம் என்று பெயர். வாசல்காவலர் சிற்பங்களைப் பார்த்தால் நம்மைக் கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி இருக்கும். திருச்சியில் கண் மருத்துவராக இருந்துகொண்டே கோயில் கோயிலாக ஏறி இறங்கி ஆராய்ந்தவர் டாக்டர் இரா. கலைக்கோவன். அவர் எழுதிய 'பழுவூர்ப் புதையல்கள்' புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பராந்தகனுக்காக வெள்ளூர்ப் போரில் பாண்டியனையும் ஈழத்துப் படையையும் எதிர்த்து நின்ற பழுவேட்டரையர் கண்டன் அமுதனைப் பற்றிச் சொன்னேன். கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை முகம் மலர்ந்து போச்சு! எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்து செருப்புப் போடும்போது கேட்டது பாருங்க ஒரு கேள்வி: "டீச்சர், நந்தினியோட அரண்மனை எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

தங்கச்சி, எழுதிக்கோ! ரெண்டு மணி நேரம் கல்லைத் தடவிக் காட்டினேன். கல்லுக்கு நடுவில் அந்தப் பிள்ளை தேடினது கல்கி கட்டின அரண்மனையை!

இது நமக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்டு என்று ஒரு ராஜா. 1485இல் போர்க்களத்தில் செத்தான். நூறு வருஷத்துக்கு அப்புறம் ஷேக்ஸ்பியர் அவனைக் கூனனாக, பிள்ளைகளைக் கொன்ற பாதகனாக நாடகத்தில் ஏற்றினார். அவ்வளவுதான்! உலகம் முழுக்க அந்தக் கூனன்தான் ராஜா ரிச்சர்டு. "எங்க ராஜா அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்ல 1924இல் ஒரு சங்கமே வைத்தார்கள். 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினபோது அவன் எலும்புக்கூடே கிடைத்தது. பார்த்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாடகத்தில் சொன்ன கூனும் இல்லை, சூம்பிப்போன கையும் இல்லை. 2015இல் மரியாதையோடு மறுபடி அடக்கம் பண்ணினார்கள். எலும்பே சாட்சி சொல்லியாகிவிட்டது! இன்றைக்கும் மேடையில் அந்த வேஷம் கட்டுகிற நடிகர் முதுகை வளைக்காமல் இருந்தால், ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள். (சிரிப்பு)

பழுவேட்டரையருக்கு யார் சங்கம் வைத்தார்கள்? நாம்தான் இன்றைக்கு இந்த மேடையில் வைத்திருக்கிறோம்.

கல்கி மேல் எனக்குக் கோபமா என்றால், கிடையாது. அவர் நாவல் என்றுதான் எழுதினார். சரித்திரப் பாடப் புத்தகம் என்று அட்டையில் போடவில்லை. 1999இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் ஆளுக்கு ஆள் அச்சடித்து மலிவு விலையில் விற்கிறார்கள். புத்தகக் கண்காட்சியில் மூட்டை மாதிரி அஞ்சு பாகத்தையும் சுமந்துகொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிர்கிறது. போனைக் கீழே வைக்காத பிள்ளையை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உட்கார வைக்கிற சக்தி அந்தக் கதைக்கு இருக்கிறது. அந்தச் சக்தியைத்தான் எங்கள் அணி கற்பனை என்கிறது. எதிரணி அதையே வரலாறு என்று சொல்லி அவருக்குப் பட்டம் கட்டப் பார்க்கிறார்கள். அவருக்கு எதற்கு இரவல் கிரீடம்?

மணி அடிச்சிட்டாங்க. ஒரே நிமிஷம், நடுவர் ஐயா.

தீர்ப்பு எப்படியோ சொல்லுங்க. ராத்திரி நீங்க அரியலூர் போய்த்தான் ரயில் ஏறணும்னு சொன்னாங்க. வழியில்தான் மேலப்பழுவூர். இருட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் இன்றைக்கு இங்கேயே தங்கிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் புறப்படுங்க. மேலப்பழுவூரில் இறங்கி, கீழையூர் இரட்டைக் கோயில் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவாங்க. நந்தினி அரண்மனை எங்கேன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அந்தப் பெரியவர் வெற்றிலையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்! (சிரிப்பு)

(கைதட்டல்)